பாதுகாப்பு உடன்படிக்கை உள்ள பழைய வீட்டை விற்பது எப்படி? வட கரோலினாவில் முதல் முறை விற்பவர்களுக்கு

வட கரோலினாவில் பழைய வீடு ஒன்றை வாங்கி, செப்பனிட்டு, சில ஆண்டுகள் குடியிருந்துவிட்டு விற்கப் போகிறவர்கள் பலருக்கு ஒரே தயக்கம்தான். பத்திரத்தோடு பாதுகாப்பு உடன்படிக்கை ஒன்று, அதாவது வீட்டை இடிக்கவோ அதன் பழைய உருவத்தைச் சிதைக்கவோ கூடாது என்ற ஒப்பந்தம், சேர்ந்திருக்கிறது; அதை வாங்க வருகிறவரிடம் எப்போது சொல்வது? விளம்பரத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும் என்பதுதான் என் பதில். கிரயத்துக்கு முந்தைய வாரம் வழக்கறிஞர் அலுவலகத்தில் வெளியே வரும் உடன்படிக்கை, வாங்குகிறவரை ஓட வைக்கும். முதல் நாளே கையில் கொடுத்தால் அந்த வீட்டுக்கு ஏற்ற ஆள்தான் மறுபடி வருவார். ஏற்காதவர் தானாக விலகிக்கொள்வார். இரண்டுமே உங்களுக்கு நல்லது.

உடன்படிக்கை எப்படி வந்தது

ஜார்ஜியா மாநிலத்துச் சவானா நகரத்தின் பழைய சந்தைக் கட்டடம் 1954இல் வண்டி நிறுத்தத்துக்காக இடிக்கப்பட்டது. அந்த அதிர்ச்சியில் 1955இல் அங்கே ஒரு பாதுகாப்பு அறக்கட்டளை பிறந்தது. அதே 1950களின் இறுதியில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத்தின் ஆன்சன்பரோ பகுதியில் சுழல் நிதி என்ற முறை வேரூன்றியது. இடியும் நிலையில் இருக்கும் வீட்டை ஒரு பொதுநல அமைப்பு வாங்கும். இடிக்கக் கூடாது, உருவத்தைச் சிதைக்கக் கூடாது என்ற நிபந்தனைகளைப் பத்திரத்தில் எழுதி, செப்பனிட விரும்புகிறவருக்கு விற்கும். வந்த பணத்தைக் கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகும்.

வட கரோலினாவில் இதைப் பெரிய அளவில் செய்துவருவது 1939இல் தொடங்கப்பட்ட பிரிசர்வேஷன் நார்த் கரோலினா என்ற பொதுநல அமைப்பு. பர்லிங்டனுக்கு அருகே ஹா ஆற்றங்கரையில் உள்ள கிளென்கோ இதற்கு நல்ல உதாரணம். 1880இல் எழுந்த பஞ்சாலை 1954இல் மூடப்பட்டது. தொழிலாளர்கள் குடியிருந்த மர வீடுகள் பல பத்தாண்டுகள் ஆளில்லாமல் கிடந்தன. 1997இல் இந்த அமைப்பு அந்த இடத்தை வாங்கி, வீடுகளை ஒவ்வொன்றாக உடன்படிக்கையோடு விற்றது. அங்கே இன்று குடும்பங்கள் வசிக்கின்றன. உடன்படிக்கை இல்லாமல் விற்றிருந்தால் அந்தத் தெரு இன்று எப்படி இருந்திருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால் போதும், அதைச் சுமையாகப் பார்க்கும் எண்ணம் போய்விடும்.

இந்த நிபந்தனைகள் வெறும் வேண்டுகோள் அல்ல. 1979இல் வட கரோலினா இயற்றிய தனிச் சட்டம் இத்தகைய உடன்படிக்கைகளுக்கு வலுக் கொடுக்கிறது. நீங்கள் விற்றாலும், உங்களிடம் வாங்கியவர் விற்றாலும், அது நிலத்தோடு போகும்.

மூன்று வேறு விஷயங்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

புதியவர்கள் சறுக்கும் இடம் இதுதான். விற்பனை முகவர்களிலும் சிலர் இதை மாற்றிச் சொல்கிறார்கள்.

வரலாற்றுச் சிறப்புள்ள இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் வீடு இருப்பது ஒரு கௌரவம். சொந்தப் பணத்தில் சொந்த வீட்டை மாற்றும் உரிமையாளரை அந்தப் பதிவேடு மட்டும் தடுக்காது. வீடு ஊராட்சி அறிவித்த வரலாற்று வட்டாரத்துக்குள் இருந்தால் கதை வேறு: வெளிப்புறத்தை மாற்ற உள்ளூர் ஆணையத்தின் சான்றிதழ் வேண்டும். ஆனால் அந்த ஆணையமும் இடிப்பை, விதிவிலக்கான கட்டடங்கள் தவிர, 365 நாள் வரைதான் தள்ளிப்போட முடியும். மூன்றாவதுதான் பாதுகாப்பு உடன்படிக்கை. அது ஓர் அமைப்புக்கும் உரிமையாளருக்கும் இடையே பதிவான ஒப்பந்தம். இடிப்பை அறவே தடுக்க முடியும். எழுதியிருந்தால் வீட்டின் உட்புறத்தையும் காக்கும்.

உங்கள் வீட்டில் மூன்றும் சேர்ந்தே இருக்கலாம். நான்காவதாக, உள்ளூர் நினைவுச்சின்னம் என்று அறிவிக்கப்பட்ட வீடாகவும் இருக்கலாம். அப்படியென்றால் சொத்து வரியில் பாதியை ஒத்திவைத்துக்கொள்ள விண்ணப்பிக்க முடியும். வாங்குகிறவருக்கு இது ஆண்டுதோறும் மிச்சம். வீடு அந்தத் தகுதியை இழந்தால் கடந்த மூன்று ஆண்டுகளுக்கு ஒத்திவைத்த வரியை வட்டியோடு கட்ட வேண்டிவரும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

முதல் வேலை: பத்திரத்தை நீங்களே படியுங்கள்

கவுண்டி பத்திரப் பதிவு அலுவலகத்தின் இணையதளத்திலேயே பெரும்பாலும் நகல் கிடைக்கும். வாங்கியபோது கொடுத்த நகலை நம்பாதீர்கள். பிறகு திருத்தம் எதுவும் பதிவாகியிருக்கிறதா என்றும் தேடுங்கள். பேனாவோடு உட்கார்ந்து சில கேள்விகளுக்கு விடை குறித்துக்கொள்ளுங்கள். எந்த மாற்றங்களுக்கு முன் அனுமதி வேண்டும்? வெளிப்புறம் மட்டுமா, படிக்கட்டு, கணப்படுப்பின் அலங்காரச் சட்டம், தரைப்பலகை, சுண்ணாம்புப் பூச்சு ஆகிய உள்வேலைகளுமா? நிலத்தைப் பிரித்து விற்கலாமா? மரம் வெட்டலாமா? அமைப்பின் ஆள் ஆண்டுக்கொரு முறை பார்வையிட உரிமை இருக்கிறதா? வீடு கைமாறும்போது அமைப்புக்குக் கட்டணம் உண்டா? எல்லாவற்றையும்விட முக்கியம்: வேறொருவருக்கு விற்கும் முன் அதே விலைக்குத் தானே வாங்கிக்கொள்ளும் முன்வாங்கும் உரிமை அமைப்புக்கு இருக்கிறதா, இருந்தால் பதில் சொல்ல எத்தனை நாள்?

நீங்கள் அமைப்பிடமிருந்தே நேரடியாக வாங்கியவர் என்றால் இன்னொரு தாளும் இருக்கும். எந்தத் தேதிக்குள் என்னென்ன செப்பனிட வேண்டும் என்ற ஒப்பந்தம் அது. வேலை முடிந்ததும் அது நிறைவேறியதாக அமைப்பு எழுதிக் கொடுத்ததா என்று பாருங்கள். வேலையை அழகாக முடித்துவிட்டு இந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்க மறந்தவர்கள் உண்டு. விற்கும் நேரத்தில் வாங்குகிறவரின் வழக்கறிஞர் அதைத்தான் முதலில் கேட்பார்.

இரண்டாவது: முகவரைத் தேடுவதற்கு முன் அமைப்புக்கு எழுதுங்கள்

விற்பனைப் பலகை நடுவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே உடன்படிக்கையை வைத்திருக்கும் அமைப்புக்கு ஒரு கடிதம் போடுங்கள். விற்க எண்ணியிருப்பதைச் சொல்லி, ஒருவரை அனுப்பி வீட்டைப் பார்க்கும்படியும், நிபந்தனைகள் மீறப்படவில்லை என்று எழுத்தில் தரும்படியும் கேளுங்கள்.

பார்வையில் ஏதாவது குறை வெளிப்படலாம். அனுமதியில்லாமல் போட்ட பின்பக்கக் கதவு, உங்களுக்கு முன் இருந்தவர் அடித்த வினைல் பலகை, பெரிதாக்கிய மரத்தளம் என எதுவாகவும் இருக்கலாம். பயப்பட வேண்டாம். இப்போது தெரிந்தால் சரிசெய்ய நேரம் இருக்கிறது. சிலவற்றுக்கு, வேலை முடிந்துவிட்டிருந்தாலும், அமைப்பு இப்போது ஒப்புதல் தரலாம். இதே குறை ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு தெரிந்தால் விலையிலிருந்து கழிப்பார்கள், அல்லது வாங்குகிறவர் கைவிட்டுப் போவார்.

இந்தக் கடிதத்தால் இன்னொரு பயனும் உண்டு. பழைய வீடுகளைத் தேடுகிறவர்கள் இந்த அமைப்புகளைத் தொடர்ந்து கவனித்துக்கொண்டிருப்பவர்கள். செப்பனிட்ட வீடு விற்பனைக்கு வருகிறது என்ற செய்தி அவர்கள் காதுக்குப் போகும் வழி இதுதான்.

ஜன்னல்: வீடு பார்க்க வருகிறவர்கள் கட்டாயம் கேட்பது

வருகிற பத்துப் பேரில் பாதிப் பேர் ஜன்னல் முன்னால் நின்று ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "இதைக் கழற்றிவிட்டுப் புது வினைல் ஜன்னல் போடலாமா?" உடன்படிக்கை உள்ள வீட்டில் அதற்கு அனுமதி கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் "கூடாது" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அவர் மனத்தில் அது குறையாகப் பதிந்துவிடும். ஜன்னல் எப்படி வேலை செய்கிறது என்று காட்ட வேண்டும்.

நூறாண்டு பழைய ஜன்னல் சட்டங்கள் பெரும்பாலும் வைரம் பாய்ந்த பைன் மரம். நெருக்கமான ஆண்டு வளையங்கள்; பிசின் ஊறிய கட்டை. இன்றைய கடை மரத்தில் அந்த அடர்த்தி கிடைப்பதில்லை. சட்டத்தை மேலே தூக்கினால் பக்கத்துப் பெட்டிக்குள் ஒளிந்திருக்கும் இரும்பு எடை, கப்பி வழியாகக் கயிற்றில் கீழே இறங்கும். அதனால்தான் சட்டம் நிறுத்திய இடத்தில் நிற்கிறது. கயிறு அறுந்தால் கயிறு மட்டும் மாற்றினால் போதும். கண்ணாடி உடைந்தால் அந்த ஒரு கண்ணாடி. பட்டி உதிர்ந்தால் சுரண்டிவிட்டுப் புதிதாக வைக்கலாம். அடிக்கட்டை உளுத்திருந்தால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி வேறு மரம் இணைக்கலாம். வினைல் ஜன்னலின் இரட்டைக் கண்ணாடிக்குள் ஈரம் புகுந்து மங்கினால் முழு அமைப்பையும் தூக்கி எறிய வேண்டியதுதான். குளிர் உள்ளே வருமே என்றால், வெளியே ஒரு புயல்தடுப்புக் கண்ணாடி பொருத்தினால் பெரும்பகுதி குறைந்துவிடும். பெரும்பாலான அமைப்புகள் அதற்கு ஒப்புதல் தருகின்றன.

ஆகவே வீட்டைக் காட்டத் தொடங்குவதற்கு முன், பெயிண்டால் ஒட்டிக்கொண்டு திறக்காத ஜன்னல்கள் சிலவற்றையாவது விடுவித்து, கயிறு மாற்றி, இரண்டு விரலால் தூக்கினால் ஏறும்படி செய்துவையுங்கள். கூடத்து ஜன்னலிலிருந்து தொடங்குங்கள். வருகிறவரையே தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அலை அலையாகத் தெரியும் பழைய கண்ணாடி வழியாகத் தோட்டத்தைப் பார்த்தவர் வினைலைப் பற்றி மறுபடி பேசுவது குறைவு. இந்த வேலையில் பழைய பெயிண்டைத் தொட வேண்டியிருக்கும். ஈயம் பற்றிய சட்டம் அங்கே வருகிறது, கீழே சொல்கிறேன்.

வீட்டுக் கோப்பு

செப்பனிட்ட வீட்டை விற்பவருக்குச் சுவரைவிடக் கோப்பு உதவும். சுவருக்குள் என்ன இருக்கிறது என்பதை அதுதான் காட்டும். செப்பனிடுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள். சுவரைத் திறந்திருந்தபோது எடுத்த கம்பி, குழாய்ப் படங்கள். ஊராட்சி அனுமதிகள், இறுதி ஆய்வுத் தாள்கள். பீங்கான் குமிழ் வைத்த பழைய மின்கம்பிகள் முழுவதும் நீக்கப்பட்டதற்கான மின்பணியாளரின் எழுத்து. கூரைத் தகரம் எப்போது மாற்றியது. கரையான் சிகிச்சை ஒப்பந்தம். தரைக்கடியில் ஈரம் தடுக்கச் செய்த வேலை. பெயிண்ட் நிறங்களின் பெயரும் எண்ணும். அமைப்பு தந்த ஒவ்வோர் ஒப்புதல் கடிதமும். வரிச் சலுகை பெற்றிருந்தால் அதன் விண்ணப்பங்களும் இதில் சேரும்.

மின்கம்பி பற்றிய எழுத்து காப்பீட்டுக்காக. பழைய கம்பிகள் இருந்தால் பல நிறுவனங்கள் காப்பீடு தரத் தயங்குகின்றன. காப்பீடு இல்லாமல் வங்கிக் கடன் இல்லை. வீட்டைச் சோதித்து, வேண்டாமென்றால் விலகிக்கொள்ள வாங்குகிறவருக்கு ஒப்பந்தம் தரும் அவகாசம்தான் ஆய்வுக் காலம். அவர் அதன் முதல் நாட்களிலேயே காப்பீட்டு விலை கேட்டுவிடும்படி நீங்களே நினைவூட்டுங்கள்.

விலை

சதுர அடிக்கு இவ்வளவு என்று பக்கத்துப் புதுக் குடியிருப்பின் விலையை வைத்துப் பெருக்கினால் தவறான எண்தான் வரும். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் அண்மையில் விற்ற, ஒத்த வீடுகளைத் தேடுவார். 1900ஐ ஒட்டிக் கட்டிய செப்பனிட்ட வீடு உங்கள் சிற்றூரில் கடந்த ஆண்டில் ஒன்றுகூட விற்றிருக்காது. அதனால் நீங்களே முந்திக்கொள்ளுங்கள். பழைய வீடுகளை மதிப்பிட்டுப் பழகிய ஒருவரைக் கட்டணம் கொடுத்து அழைத்து, அக்கம்பக்கத்து ஊர்களில் விற்ற ஒத்த வீடுகளின் பட்டியலை வாங்கிவையுங்கள். வங்கியின் மதிப்பீட்டாளர் வரும் நாளில் அந்தப் பட்டியலையும் வேலைச் செலவுக் கணக்கையும் உங்கள் முகவர் அவர் கையில் கொடுக்கலாம், அதில் தவறில்லை.

செலவழித்ததெல்லாம் திரும்ப வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். சுண்ணாம்புப் பூச்சைக் கைவேலையாகச் சீர்செய்த செலவை எந்த மதிப்பீட்டாளரும் டாலருக்கு டாலர் ஏற்பதில்லை.

முகவரும் விளம்பரமும்

முகவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "உடன்படிக்கை உள்ள வீட்டை இதற்கு முன் விற்றிருக்கிறீர்களா, அதை விளம்பரத்தில் எப்படி எழுதினீர்கள்?" கட்டுப்பாடு என்று சிறிய எழுத்தில் கடைசியில் போட்டேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். இந்த வீடு இன்ன ஆண்டு கட்டியது, இன்ன அமைப்பின் உடன்படிக்கையால் என்றென்றும் காக்கப்படுகிறது என்று முதல் வரியில் வர வேண்டும். உடன்படிக்கையின் முழு நகலும், எளிய மொழியில் ஒரு பக்கச் சுருக்கமும் விளம்பரத்தோடு இணைந்திருக்க வேண்டும். அந்தச் சுருக்கத்தில் எது முடியாது என்பதோடு எதையெல்லாம் அனுமதி கேட்காமலே செய்யலாம் என்பதையும் எழுதுங்கள். பல உடன்படிக்கைகளில் சமையலறைப் பெட்டிகள், குளியலறைச் சாதனங்கள், குளிரூட்டி மாற்றுவதற்கெல்லாம் சிக்கல் இருக்காது. உங்களுடையதில் எப்படி என்று பார்த்து எழுதுங்கள். அந்த வரிகள்தான் பயந்த மனத்தைத் தேற்றும்.

வெளிப்படையாகச் சொல்ல வேண்டியவை

1978க்கு முன் கட்டிய எந்த வீட்டை விற்றாலும், ஈயப் பெயிண்ட் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை எழுத்தில் தர வேண்டும். கையில் உள்ள சோதனை அறிக்கைகளையும் அரசின் சிறு கையேட்டையும் சேர்த்துத் தர வேண்டும். சோதித்துப் பார்க்க 10 நாள் வாய்ப்புக் கொடுக்க வேண்டும். இது 1992ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம். செப்பனிடும்போது கூலிக்கு வந்த ஒப்பந்ததாரர்கள் ஈயப் பெயிண்டைக் கையாளச் சான்று பெற்றவர்களாக இருக்க வேண்டும் என்ற விதி 2010 முதல் நடப்பில் இருக்கிறது. அந்தச் சான்றின் நகலும் கோப்பில் இருக்கட்டும்.

வட கரோலினாவுக்கென்று வீட்டின் நிலையைச் சொல்லும் மாநிலப் படிவம் ஒன்று தனியே உண்டு. வாங்குகிறவர் விலை சொல்லும் நேரத்துக்குள் அது அவர் கையில் இருக்க வேண்டும். தாமதித்தால் மூன்று நாளுக்குள் ஒப்பந்தத்தை ரத்துசெய்யும் உரிமை அவருக்கு வந்துவிடும்.

விலை பேசி ஒப்பந்தம் போடும்போது

அதிக விலை சொன்னவர்தான் நல்லவர் என்று இல்லை. பின்பக்கம் இரண்டு மாடி எழுப்பப் போகிறேன் என்று பேச்சுவாக்கில் சொல்பவர், நாளை அமைப்பு மறுத்ததும் ஆய்வுக் காலத்திலேயே விலகுவார். கையெழுத்திடுவதற்கு முன் அவரை அமைப்பின் அலுவலரோடு ஒரு முறை பேசவிடுங்கள். பேசிய பிறகும் வேண்டும் என்கிறவர் நிலைத்து நிற்பார்.

முன்வாங்கும் உரிமை இருந்தால், கையெழுத்தான ஒப்பந்தத்தின் நகலை உடனே அமைப்புக்கு அனுப்ப வேண்டும். அதே விலைக்கு வாங்கிக்கொள்கிறோம் என்றோ, வேண்டாம் என்றோ அவர்கள் பதில் சொல்வார்கள். செப்பனிட்டு முடித்த வீட்டை அமைப்பு தானே வாங்குவது அரிது. அதன் பணம் இடியும் நிலையில் உள்ள வீடுகளுக்குத் தேவைப்படுகிறது. ஆனாலும் "வேண்டாம்" என்பது எழுத்தில், பதிவுசெய்யத்தக்க வடிவில் வர வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் சொத்துரிமைக்குக் காப்பீடு தரும் நிறுவனமும் வங்கியும் நகராது. விற்பனை இந்த உரிமைக்கு உட்பட்டது என்று ஒப்பந்தத்திலேயே வழக்கறிஞரை எழுதச் சொல்லுங்கள். பத்திரத்தில் உள்ள நாள் கணக்கை எண்ணி, ஆய்வுக் காலம் அதற்குப் பின் முடியும்படி வையுங்கள். இங்கே வாங்குகிறவர் ஆய்வுக் காலத்துக்கென்று உங்களுக்குத் தரும் கட்டணம் பொதுவாகத் திருப்பித் தர வேண்டியதில்லை. ஆனால் அமைப்பே வாங்க முன்வந்தால் அதை என்ன செய்வது என்பதையும் எழுதிவிடுங்கள்.

கிரயமும் வரியும்

புதிய பத்திரத்தில் பழைய உடன்படிக்கையின் பதிவு எண்ணும் பக்கமும் குறிப்பிடப்பட வேண்டும். மாநில முத்திரை வரி 500 டாலருக்கு 1 டாலர், விற்பவர் பொறுப்பு. 4,00,000 டாலருக்கு விற்றால் 800. கைமாற்றக் கட்டணம் இருந்தால் அதை யார் கட்டுவது என்பதைப் பத்திரமே சொல்லும்.

கடந்த ஐந்து ஆண்டுகளில் இரண்டு ஆண்டு அதுவே உங்கள் சொந்தக் குடியிருப்பாக இருந்திருந்தால், ஆதாயத்தில் 2,50,000 டாலர் வரை, தம்பதியர் சேர்ந்து கணக்குக் கொடுத்தால் 5,00,000 டாலர் வரை, கூட்டாட்சி வரி இல்லை. செப்பனிட்ட செலவை அடக்கவிலையில் சேர்க்கலாம், ரசீது இருந்தால். வாடகைக்கு விட்ட வீட்டில் 20 சதவீதக் கூட்டாட்சி வரலாற்றுச் சலுகை பெற்றிருந்தால், வேலை முடிந்து ஐந்து ஆண்டுக்குள் விற்றால் அதில் ஒரு பங்கைத் திருப்பிக் கட்ட நேரும். இந்த ஒன்றை விலை பேசுவதற்கு முன்பே கணக்காளரிடம் கேட்டுவிடுங்கள்.

ராலே, கேரி பக்கம் இருக்கும் நம்மவர்களில் சிலர் ஊருக்குத் திரும்பிய பிறகு இங்குள்ள வீட்டை விற்கிறார்கள். வரிக் கணக்கில் நீங்கள் அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவராக மாறிவிட்டால், வாங்குகிறவர் பொதுவாக விற்பனைத் தொகையில் 15 சதவீதத்தைப் பிடித்து அமெரிக்க வரித்துறைக்குக் கட்ட வேண்டும். அதைக் குறைக்க விண்ணப்பம் உண்டு; கிரயத் தேதிக்குள் அது வரித்துறைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். முடிந்தால் புறப்படுவதற்கு முன்பே விற்றுவிடுங்கள்.

கிரயம் முடிந்த வாரமே புதிய உரிமையாளரின் பெயரையும் முகவரியையும் அமைப்புக்குத் தெரிவியுங்கள்; பல உடன்படிக்கைகளில் அது விற்பவரின் கடமை. கோப்பின் நகல் ஒன்றை வைத்துக்கொண்டு மூலத்தைச் சாவியோடு அவரிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்து ஒரு ஜன்னல் சட்டம் உளுத்தால் யாரைக் கூப்பிடுவது என்று அந்தத் தச்சரின் எண்ணை முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.